ஞாயிறுதோறும் பார்த்துக்கொள்ளலாம்

அவருடைய மனைவி வீட்டை விட்டுப் போனது ஒரு புதன்கிழமை காலையில். போனாள் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. கிளம்பினாள், நடுவழியில் மாட்டிக்கொண்டாள், அப்புறம்தான் போனாள். பெட்டியும் மகளுமாக அவள் ஏறிய லிஃப்ட், மூன்றாவது மாடியைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கியதும் ஒரு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டது.

அந்தக் கட்டடத்தில் லிஃப்டைப் பழுது பார்க்கத் தெரிந்த ஆள் ஒருவர்தான் குடியிருந்தார். அவள் யாரை விட்டுப் போய்க்கொண்டிருந்தாளோ அவர்.

ஆக, தன்னை விட்டுப் போகிற மனைவியைப் போகவிடுவதற்காக, மெக்கானிக் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. மூன்றாவது மாடிக் கதவைச் சாவி போட்டு ஒரு சாண் திறந்து, குனிந்து பார்த்தார். கீழே மனைவியின் தலைவகிடு தெரிந்தது. பக்கத்தில் எட்டு வயது மகள் பெட்டியின்மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதீங்க. ரிலேதான் மக்கர் பண்ணுது. மேல போய்ப் பாத்துட்டு வரேன்."

"யாரு பயந்தா?" என்றது வகிடு. "நீங்களே நிறுத்திட்டு நீங்களே தொறக்க வரீங்களா?"

"நான் ஏன் நிறுத்தப் போறேன்? ஒரு வாரமா அது சரியில்லன்னு ஆபீஸ்ல சொல்லிக்கிட்டே இருக்கேன்."

"ஊர்ல எவன் மாட்டிக்கிட்டாலும் சாப்பாட்டுல கை வச்சவரு அப்படியே எழுந்து ஓடுவீங்க. வீட்டுல நான் பத்து வருஷமா மாட்டிக்கிட்டு நிக்குறேன். அதுக்கு மட்டும் உங்களுக்குப் போன் வரல."

மாடியில் அதற்குள் கூடிவிட்ட அக்கம்பக்கத்தார் திரும்பி மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தார்கள். சட்டைப்பையில் போன் அடித்தது. வேறொரு கட்டடத்தில் வேறு யாரோ மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் அதை அணைக்காமல் எடுத்துப் பேசியதுதான் அன்று அவர் செய்த பெரிய தப்பு.

பிறகு மொட்டை மாடி இயந்திர அறைக்குப் போய், மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை மேலே ஏற்றினார். வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல் நேரம் பிடித்தது. சக்கரம் இறுகிக் கிடந்ததால் என்று அவர் சொல்வார். அவள் வேறு மாதிரி சொல்வாள்.

வெளியே வந்தவள் மறுபடி லிஃப்டில் ஏற மறுத்துவிட்டாள். பெட்டியோ கனம். அதை மூன்று மாடியும் தூக்கிக்கொண்டு இறங்கியவர் மெக்கானிக்தான். வாசலில் அவளுடைய அண்ணன் வண்டியோடு காத்திருந்தார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சி வண்டிகளில் சொல்லிக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். இருபது வருடமாக அதன்மேல் காலை வைத்தே வாழ்ந்ததால் ஊரில் அவருக்கு ரெண்டாம் பிரேக் என்று பெயர். மெக்கானிக்குக்கு மட்டும் மச்சான். அன்று வகுப்பைத் தள்ளிப்போட முடியவில்லை என்று ஒரு மாணவரையே ஓட்டவிட்டு வந்திருந்தார். வண்டி தெருமுனை தாண்டுவதற்குள் மூன்று முறை அணைந்து போனது. மூன்று முறையும் மகள் பின்கண்ணாடி வழியாகக் கையாட்டினாள். மூன்று முறையும் மெக்கானிக் திருப்பி ஆட்டினார்.

குடும்ப நீதிமன்றத்தில் அவளுடைய வக்கீல் அந்தப் புதன்கிழமையைத்தான் முதலில் கையில் எடுத்தார். "மனைவியும் குழந்தையும் வெளியேற முயன்றபோது, எதிர்மனுதாரர் தம் தொழில் அறிவைக் கொண்டு அவர்களை அந்தரத்தில் நிறுத்தி வைத்தார்" என்று அவர் வாசித்தபோது, தாம் அப்படிச் செய்திருப்போமோ என்று மெக்கானிக்குக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. இவருடைய வக்கீல் எழுந்து ரிலே என்றால் என்ன என்று விளக்கத் தொடங்கினார். அது என்னவென்று அவருக்கும் தெரியாது. இரண்டு வாக்கியத்துக்குப் பிறகு அவரும் அந்தரத்தில் நின்றார்.

நீதிபதி அம்மாள் எதையும் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. மகள் தாயிடம் இருக்கட்டும், தந்தை வீட்டில் போய்த் தங்கலாமா என்பதை அடுத்த விசாரணையில் முடிவு செய்யலாம், அதுவரைக்கும் இது என்று ஓர் இடைக்கால உத்தரவு போட்டார்: "தந்தை, தாயின் அண்ணன் முன்னிலையில், பொதுவானதோர் இடத்தில், ஞாயிறுதோறும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம்."

இரண்டு வக்கீல்களும் அவரவர் கட்சிக்காரரிடம் ஜெயித்துவிட்டோம் என்றார்கள். தாழ்வாரத்துக்கு வந்ததும் தகராறு ஆரம்பித்தது.

"பார்த்துக்கொள்ளலாம்னா பாக்கலாம், அவ்வளவுதான்," என்றார் மச்சான். "'ஆசைன்னா ஒரு தடவை பாத்துக்கோ'ன்னு சொல்றோமில்ல மாப்ள, அந்தப் பாத்துக்கோ."

"இல்ல மச்சான். 'புள்ளையப் பாத்துக்கோ, கடைக்குப் போயிட்டு வரேன்'னு சொல்றோமில்ல, அந்தப் பாத்துக்கோ."

"அது பாத்துக்கறது. இது பாக்கறது."

"அதத்தான் நானும் சொல்றேன். இதுல பார்த்துக்கொள்ளலாம்னுதானே போட்டிருக்கு?"

மெக்கானிக்குக்கு இதில் சந்தேகமே வந்ததில்லை. அவர் தொழிலில் 'லிஃப்டைப் பார்த்துவிட்டேன்' என்றால் சரிசெய்துவிட்டேன் என்று பொருள். சும்மா நின்று பார்ப்பதற்கு யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. இரண்டு பேரும் உத்தரவைத் தூக்கிக்கொண்டு எழுத்தரிடம் போனார்கள். இதற்கு என்ன அர்த்தம் சார் என்று கேட்டார்கள். அவர் தலை நிமிராமலே, "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், போங்க," என்றார்.

இப்போது மூன்று அர்த்தம் ஆகிவிட்டது. குழந்தை யார் கையில் இருக்கிறதோ அவர்கள் அர்த்தம்தான் செல்லும். மச்சானுடைய அர்த்தமே நிலைத்தது.

பொதுவான இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் மச்சான்தான். பூங்கா வேண்டாம், மாப்பிள்ளை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார். சாப்பாட்டுக் கடை வேண்டாம், ஊட்டிவிடுவார். கடைசியில் தாம் கார் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிப் பள்ளிக்கு எதிரே இருந்த பெரிய மரச்சாமான் கடை அவர் கண்ணில் பட்டது. ஒரே வாசல், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உட்கார ஆயிரம் இடம், குளிர்சாதனம் வேறு.

முதல் ஞாயிறன்று மெக்கானிக் தேய்த்த சட்டையும் புதுச் செருப்புமாக வந்தார். மகள் ஒரு சோபாவில், அவர் எதிர்ச் சோபாவில், நடுவில் ஒரு ஸ்டூலில் மச்சான். மச்சானுடைய வலது கால் சற்று முன்னே நீட்டியிருந்தது.

"ஆரம்பிக்கலாம் மாப்ள."

"என்னத்த மச்சான்?"

"பாக்க."

மெக்கானிக் பார்த்தார். வைத்த கண் வாங்காமல் பார்த்தார். மச்சானோ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவர் பார்ப்பதைப் பார்த்தார். மெக்கானிக் ஒரு அங்குலம் முன்னால் நகர்ந்தால் போதும், மச்சானுடைய கால் தானாகவே தரையை அழுத்தும்.

"அப்பா, இந்தப் பக்கமும் பாக்குறீங்களா?" மகள் பக்கவாட்டில் திரும்பி நின்றாள். பிறகு முதுகைக் காட்டினாள். "பின்னாடி பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன் கண்ணு."

"மாமா, அப்பா என்ன முழுசாப் பாத்து முடிச்சிட்டாரு. இப்ப என்ன?"

மச்சான் இதை எதிர்பார்க்கவில்லை. சாயங்காலம்வரை நேரம் இருந்தது.

"பேசலாமா மச்சான்?" என்றார் மெக்கானிக்.

"பேசுறதப் பத்தி அதுல ஒண்ணும் போடல." மச்சான் யோசித்தார். "அவ கேட்டா பதில் சொல்லுங்க. நீங்களா ஆரம்பிக்காதீங்க."

மகள் கெட்டிக்காரி. சட்டத்தின் சந்து எங்கே இருக்கிறது என்று உடனே கண்டுபிடித்துவிட்டாள்.

"அப்பா, நான் எந்த பெஞ்சுல உக்காருறேன்னு என்ன கேக்கணும்னு உங்களுக்குத் தோணுதா?"

"ஆமா கண்ணு, தோணுது."

"நல்ல கேள்வி. ரெண்டாவது பெஞ்ச்," என்று ஆரம்பித்தவள், பள்ளிக்கூடத்துச் சண்டைகள் அத்தனையையும் சொல்லி முடித்தாள். இடையிடையே, "அப்புறம் என்ன ஆச்சுன்னு கேக்கத் தோணுதா?" என்பாள். இவர் தோணுது என்பார். மச்சான் ஸ்டூலில் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தாலும், கதை சூடு பிடித்த இடத்தில் "அப்புறம்?" என்று அவரே கேட்டுவிட்டார்.

அந்தக் கடையின் மேலாளர் முதலில் இவர்களைத் துரத்தத்தான் வந்தார். வந்தவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். இவர்கள் உட்கார்ந்து எழுந்த சோபா அன்றே விற்றுப் போயிருந்தது. அடுத்த வாரமும் அப்படியே. காலியாகக் கிடக்கும் நாற்காலியைப் பார்த்து நகர்ந்துபோகிற ஜனம், அதில் ஒரு அப்பாவும் பிள்ளையும் உட்கார்ந்து பேசுவதைப் பார்த்தால் நின்று விலை கேட்டது. மூன்றாவது வாரம் மேலாளரே வாசலுக்கு வந்து வரவேற்றார். "சார், இன்னிக்கு அந்த மூலைல இருக்கற கட்டில்ல உக்காருங்களேன். எட்டு மாசமா நகர மாட்டேங்குது."

மச்சான் இதை எதிர்க்கவில்லை. எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று சொல்ல ஒரு பொறுப்பான ஆள் கிடைத்தது அவருக்கு நிம்மதி. இப்படியாக வாரா வாரம் மெக்கானிக்கும் மகளும் விலைபோகாத சாமான்களில் குடும்பம் நடத்தினார்கள். ஒரு வாரம் ஊஞ்சல் நாற்காலி, ஒரு வாரம் படிப்பு மேசை. "வாத்தியாரு மாதிரி கொஞ்சம் குனிஞ்சு நில்லுங்க சார்," என்பார் மேலாளர். "தொடக் கூடாது," என்பார் மச்சான். மெக்கானிக் தொடாமல் குனிந்து நிற்பார்.

"எல்லாம் சரி," என்று ஒருநாள் மேலாளர் இழுத்தார். "சாப்பாட்டு மேசைக்கு மட்டும் அம்மா இல்லாம ஒரு குறை தெரியுது."

அம்மா வந்தாள். மேலாளருக்காக அல்ல. மகள் ஞாயிறு இரவெல்லாம் நாற்காலி விலை சொல்கிறாளே, அங்கே என்னதான் நடக்கிறது என்று பார்க்க வந்தாள். அவள் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் இரத்தம் எடுப்பவள். எதையும் பெயர் ஒட்டி, மூடி போட்டு, நிறுத்தி வைத்துப் பழகிய கை. நின்றபடியே நான்கு கேள்வி கேட்டுவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். அதற்குள் மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்துவிட்டார். நடுவில் பிளாஸ்டிக் ஆப்பிள். சுற்றிலும் வாடிக்கையாளர்கள். சண்டை போடுவதானாலும் சிரித்த முகமாகத்தான் போட வேண்டியிருந்தது.

"அவ முடிய ஏன் இப்படி ஒட்ட வெட்டிவிட்ட?" என்றார் மெக்கானிக் மெல்ல.

"பேன். உங்க வீட்டுல பிடிச்சது." அவள் ஆப்பிளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"என் வீட்டுலயா? அவ எங்க வரா என் வீட்டுக்கு?"

"வரணும்னா ஆள் இருக்கணுமில்ல வீட்டுல. போன் வந்தா விட்டுட்டு ஓடுவீங்க. அவ தனியா நிப்பா. அதான் எனக்குப் பயம். லிஃப்ட் கதை வக்கீல் எழுதினது. இது நான் சொல்றது."

மெக்கானிக் ஆப்பிளைத் திருப்பி நகர்த்தினார். இத்தனை மாதத்தில் அவள் சொன்ன முதல் உண்மையான காரணம் அதுதான் என்று அவருக்குத் தோன்றியது. கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடி தூணருகே நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. "பாரேன், எவ்வளவு பொறுமையாப் பேசிக்கிறாங்க," என்றாள் அந்தப் பெண். அந்த மேசையை ஆறு நாற்காலியோடு வாங்கிக்கொண்டு போனார்கள்.

விசாரணைக்கு முந்திய ஞாயிறு. மகள் வந்ததிலிருந்தே பேச்சில்லாமல் இருந்தாள். அன்று அவர்களுக்குக் கிடைத்தது கடையிலேயே விலை உயர்ந்த மெத்தை போட்ட கட்டில். அதன் ஓரத்தில் உட்கார்ந்தவள், "அப்பா, சுத்துது," என்றாள்.

மெக்கானிக் எழுந்தார். மச்சானுடைய கால் தரையை அழுத்தியது.

"மாப்ள, இன்னும் நாலு நாள்தான். ஆர்டர்."

அவர் நின்றார். தொட்டால் வழக்கு போய்விடும். வழக்குப் போனால், மகள் பெரியவளாகும்வரை கண்ணாடிக் கடையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். வக்கீல் தலைபாடாய் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார், ஒரு சின்னத் தப்பு கூடாது என்று. இதையெல்லாம் அவர் நினைத்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் மகளின் வாய் ஒரு மாதிரி கோணியதும், யோசனை ஒரு பக்கம் நிற்க, அவருடைய இரண்டு கையும் தாமாகவே குவிந்து அவள் மோவாயின் கீழே போய் நின்றன. முதல் வாந்தி மெத்தையில் ஒரு சொட்டுப் படாமல் அந்தக் கையில் விழுந்தது.

இரண்டாவது, தேய்த்த சட்டையில். மூன்றாவதற்குள் மச்சான் அலமாரிமேல் இருந்த ஒரு ஜாடியிலிருந்து பிளாஸ்டிக் பூவைப் பிடுங்கி எறிந்துவிட்டு அதைக் கொண்டுவந்து நீட்டினார். "மெத்தை, மெத்தை," என்று மேலாளர் குட்டி போட்ட பூனையாகச் சுற்றினார். மெக்கானிக் அவரைச் சட்டை செய்யவில்லை. மகளின் வாயைத் துடைத்தார். நெற்றியில் தன் கன்னத்தை வைத்துச் சூடு பார்த்தார். தோளில் சாய்த்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, வந்துடட்டும்," என்று முதுகைத் தடவினார். சட்டைப்பையில் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு அது காதில் விழுந்ததா என்பது தெரியாது. எடுக்கவில்லை.

மச்சான் வண்டி ஓட்ட, மகளை மடியில் கிடத்திக்கொண்டு மெக்கானிக் பின்னால் உட்கார்ந்து வந்தார். கதவைத் திறந்த மனைவி மகளை வாங்கிக்கொண்டாள். அவர் சட்டையைப் பார்த்தாள். "கழுவிட்டுப் போங்க," என்று மட்டும் சொன்னாள்.

விசாரணையில் அவளுடைய வக்கீலுக்கு அல்வா கிடைத்த மாதிரி ஆயிற்று. மச்சானைக் கூண்டில் ஏற்றி, "உங்கள் கண்முன்னே எதிர்மனுதாரர் குழந்தையைத் தொட்டாரா, இல்லையா?" என்றார்.

"தொட்டாரு."

"தூக்கினாரா?"

"தூக்கினாரு."

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். இனி ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்றார் நீதிபதி.

மச்சானுக்கு வியர்த்தது. "புள்ள வாந்தி எடுத்தாம்மா. நான் பாத்துக்கிட்டு இருந்தேன். அவரு பாத்துக்கிட்டாரு."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "இன்னொரு தடவை சொல்லுங்க."

மச்சான் புதிதாக ஓட்ட வந்தவருக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். "நான் பாத்துக்கிட்டு, இருந்தேன். அவரு, பாத்துக்கிட்டாரு."

வக்கீல் எழுந்தார். நீதிபதி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, தாயைப் பார்த்து, உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"சனிக்கிழமை கூட்டிட்டுப் போகட்டும். அவ இருக்கும்போது வேலைக்குப் போகக் கூடாது. ஹோம்வொர்க் முடிச்சு அனுப்பணும்."

புதிய உத்தரவில் நீதிபதி அந்தப் பொல்லாத சொல்லை வாயாலேயே எடுக்கவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் குழந்தை தந்தை வீட்டில் தங்கலாம் என்று தெளிவாகச் சொன்னார். தட்டச்சு செய்தவர்தான் பழைய உத்தரவின்மேலேயே புதியதை அடித்துவிட்டார். கைக்கு வந்த தாளில், "தாயின் அண்ணன் முன்னிலையில்" என்பது அப்படியே இருந்தது.

எழுத்தர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருத்த மனுப் போடுங்கள், வரிசைப்படி வரும் என்றார்.

"அதுவரைக்கும்?" என்றார் மச்சான்.

"அதுவரைக்கும் நீங்களும் போய்த் தங்க வேண்டியதுதான்."

மச்சான் தங்கினார். சனிக்கிழமை காலையில் ஒரு கையில் மருமகளும் மறு கையில் தலையணையுமாக வந்து இறங்குவார். மச்சானுடைய மனைவிக்கு இந்த ஏற்பாடு ரொம்பவும் பிடித்திருந்தது. முதல் சில வாரம் மச்சான், உத்தரவு போட்டவரே வந்துவிட்டதுபோல மிடுக்காக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் வெங்காயம் உரித்தார். அப்புறம் மகளின் வீட்டுப்பாடத்தில் தப்புத் தப்பாக உதவினார். மெக்கானிக் வாரக்கடைசி வேலையை வேறொருவரிடம் மாற்றிவிட்டிருந்தார். ஆனாலும் பழக்கதோஷம், போன் அடித்தால் உட்கார முடியாது. எழப் போவார். மச்சானுடைய வலது கால் தரையை அழுத்தும். இவர் உட்கார்ந்துவிடுவார்.

திருத்த மனு வரிசையிலேயே நின்றது. விவாகரத்து வந்தது, திருத்தம் வரவில்லை. மச்சானுக்கு முழங்கால் வலி வந்தது. மெக்கானிக் அவருக்கென்று தாழ்வாக ஒரு கட்டில் வாங்கிப் போட்டார். மகள் உயரமானாள், இரண்டு பேர் சமையலையும் குறை சொன்னாள், அறைக் கதவைச் சாத்திக்கொள்ளத் தொடங்கினாள். கதவுக்கு வெளியே, "எதுக்குக் கோவம்னு நீங்க கேளுங்க மாப்ள," "நீங்க கேளுங்க மச்சான்," என்று இரண்டு பேரும் குசுகுசுவென்று அடித்துக்கொள்வார்கள். மனைவியாக இருந்தவளிடமிருந்து ஏதாவது தகவல் என்றால் மகள் வாய்வழியாகவோ மச்சான் வாய்வழியாகவோதான் வரும். அவளுடைய எண்ணிலிருந்து அவருக்கு நேராக ஒரு செய்தியும் வந்ததில்லை.

மகளுக்குப் பதினான்கு வயது நடந்தபோது ஒருநாள், அலுவலகக் கட்டடம் ஒன்றின் லிஃப்ட் குழியில் எண்ணெய்க் கையோடு அவர் நின்றுகொண்டிருந்தார். போன் ஒலித்தது. யாரோ எங்கேயோ மாட்டிக்கொண்டார்கள் என்று நினைத்துக் கையைத் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தார். அவளுடைய எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது.

"திங்கக்கிழமைலேர்ந்து எனக்கு வெளியூர்ல ட்ரெய்னிங். ஒரு மாசம். அவ உங்ககிட்டயே இருக்கட்டும். அண்ணன வர வேண்டாம்னு சொல்லிட்டேன். கோவிச்சுக்கிட்டு சாப்பிடாம உக்காந்திருக்கான், நீங்க ஒரு வார்த்தை பேசிடுங்க. காலைல ஒரு தடவை எழுப்பினா எழுந்திருக்க மாட்டா, கத்தணும். கணக்குப் பரீட்சை இருக்கு, இல்லன்னு சொல்லுவா. காரம் போட்டா வயிறு வலிக்குதும்பா, அதுவும் பொய். எதாவது தெரியலன்னா எனக்குப் போன் பண்ணாதீங்க, அவகிட்டயே கேளுங்க. கோர்ட்ல யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்."